தில்லியில் அக்டோபர், நவம்பர்: சின்னப் பிள்ளைகளை எப்போது வெளியே விடுவது?

#1 துவாரகாவுக்குப் புதுசு

கோயம்புத்தூரிலிருந்து ஜூனில் தில்லி துவாரகாவுக்கு மாறி வந்தோம். பெரியவள் யு.கே.ஜி., சின்னவனுக்கு ஒன்றரை வயது. வந்த புதிதில் வெயிலுக்குப் பயந்து ஏசி அறைக்குள்ளேயே கிடந்தோம். அப்புறம் மழை, கொசு. அப்போதெல்லாம் பார்த்தவர்கள் எல்லோரும் "அக்டோபர் வரட்டும், தில்லி மாதிரி ஊரே கிடையாது" என்றார்கள். இப்போது அக்டோபர் நெருங்கியதும் அதே ஆட்கள் "நவம்பரில் ஒரே புகை, குழந்தைகளை ஊருக்கு அனுப்பிவிடு" என்கிறார்கள். எதைக் கேட்பது?

மாமனாரும் மாமியாரும் கொலுவுக்கு வருகிறார்கள், தீபாவளி முடிந்துதான் திரும்புவார்கள். மாமனார் தினமும் காலை ஐந்தரைக்கு நடைக்குப் போகிறவர். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். மாமியார் வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல், சாம்பிராணி என்று கறாராக இருப்பவர். இன்னொரு பக்கம் கீழ் வீட்டு ஆன்ட்டி, சின்னவன் அரைக்கை சட்டையோடு திரிவதைப் பார்த்து இப்போதே முறைக்கிறார்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்க வேண்டுமா? ஸ்வெட்டர் எப்போது எடுப்பது? எல்லாவற்றையும்விட, ஒரு சாதாரண நாளை நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.


#2 மயூர் விஹார் பேஸ் ஒன்

முதல் விஷயம், அவர்கள் சொன்ன இரண்டுமே உண்மை. மழை இங்கே செப்டம்பர் கடைசியில் விலகும். அதிலிருந்து தசரா தாண்டும் வரை ஒரு நல்ல காலம் உண்டு. வானம் நீலமாக இருக்கும், வியர்வை இருக்காது, மாலை ஆறு மணி வரை பிள்ளைகள் பார்க்கில் கிடக்கலாம். அந்த நாட்களை வீட்டு வேலை, கொலு, பட்சணம் என்று வீணாக்காதீர்கள். கொலு இரண்டு படி குறைந்தால் அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எங்கள் சொசைட்டியில் பவழமல்லி மரம் ஒன்று இருக்கிறது. இந்த சீசனில் விடிகாலையில் கீழே பாய் விரித்தது போல் கொட்டியிருக்கும். பள்ளி வேன் வருவதற்கு முன் என் பெண்ணும் மூன்றாம் மாடி பெங்காலிக் குழந்தையும் போட்டி போட்டுப் பொறுக்குவார்கள். அது துர்கா பூஜைக்கு, இது கொலுவுக்கு. உங்கள் பக்கமும் இருக்கும், தேடிப் பாருங்கள்.


#3 நொய்டா அப்பா

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்பே மனைவி, பிள்ளைகளை திருநெல்வேலிக்கு அனுப்பிவிடுகிறேன். டிசம்பரில்தான் திரும்புவார்கள். பையனுக்கு வீசிங் உண்டு. எனக்கு இதில் விவாதமே இல்லை.


#4 இரட்டைவால் அம்மா

நொய்டா அப்பா, வீசிங் உள்ள குழந்தைக்கு நீங்கள் செய்வது சரி. ஆனால் அதையே எல்லோருக்கும் வழியாகச் சொல்லாதீர்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் யாரை யாரோடு அனுப்புவது? அதோடு நவம்பரில் திருநெல்வேலியில் என்ன, வெயிலா அடிக்கும்? வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். என் அக்கா பிள்ளைகள் அங்கே மழை விடுமுறையில் வீட்டுக்குள் கிடப்பார்கள், இவர்கள் இங்கே புகை விடுமுறையில்.

துவாரகா, எனக்கு இரட்டைப் பையன்கள், நாலு வயது. நாளை எப்படி ஓட்டுகிறோம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அக்டோபர் பாதி வரை கோடைக்கால நேரம்தான். மாலை ஐந்துக்குக் கீழே இறங்கினால் ஆறரைக்கு மேலே. அதற்குப் பிறகு கடிகாரத்தையே திருப்பிவிடுவேன். புகை நாட்களில் காற்று மிக மோசமாக இருப்பது இரவிலும் விடிகாலையிலும். தரையோரம் குளிர்ந்த காற்று தங்கிவிடும், மேலே சூடான காற்று மூடி போட்டுவிடும், புகை எழும்ப முடியாது. வெயில் ஏறி, கொஞ்சம் காற்று வீசினால் பகல் ஒரு மணியிலிருந்து நாலு வரை ஓரளவு தெளியும். எங்கள் வீட்டில் அதுதான் விளையாட்டு நேரம். ப்ளே ஸ்கூலிலிருந்து வந்ததும் சாப்பாடு, உடனே கீழே. பகல் தூக்கம் கிடையாது. அதனால் இரவு எட்டுக்கே சாய்ந்துவிடுவார்கள். அது எனக்குப் போனஸ்.

எப்படியும் நவம்பர் கடைசியில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மாலை விளையாட்டு என்பதே இருட்டு விளையாட்டு ஆகிவிடும்.

அதனால் உங்கள் மாமனாரின் ஐந்தரை மணி நடை... பேத்தி வேண்டவே வேண்டாம். அவருக்குமே வேண்டாம்.


#5 ஆர்.கே.புரம் மாமா

நானும் தாத்தாதான், அதனால் தாத்தா தரப்பில் பேசுகிறேன். 1979இல் இங்கே வந்தவன். அன்றெல்லாம் அக்டோபர் காலை நடை என்றால் சொர்க்கம். பழக்கம் விடாது அம்மா. "போகாதீங்க" என்று மருமகள் சொன்னால் மனசு சுருங்கும். ஆனால் வேலை கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம். என் மருமகள் சாமர்த்தியசாலி. "அப்பா, மத்தியானம் ரெண்டு மணிக்கு இவளைப் பார்க்குக்குக் கூட்டிண்டு போக ஆளில்லை" என்றாள். அவ்வளவுதான், என் நடை நேரம் மாறிவிட்டது. மலை மந்திர் முருகன் கோயிலுக்கும் இப்போது சாயங்காலம்தான் போகிறேன்.


#6 துவாரகாவுக்குப் புதுசு

மாமா, இது அருமை. இதை அப்படியே செய்யப் போகிறேன். அவர் இந்த இழையைப் படிக்காமல் இருக்க வேண்டும்.


#7 ஜனக்புரி செவிலி

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் புகையைப் பற்றியே பேசுகிறீர்கள். அக்டோபரில் எங்கள் வார்டில் புகைக்கு முன்னால் வருவது டெங்கு. மழை நின்ற பின் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் வரை அது இருக்கும். "ஜில்லென்று ஆயிடுச்சு, கொசு போயிடுச்சு" என்று நினைக்கிற நேரத்தில்தான் வரும்.

கூலரைக் கழற்றி மூடும்போது அடியில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். மணிபிளான்ட் பாட்டில், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பால்கனியில் கிடக்கும் பிள்ளைகளின் மணல் வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 2019இல் தில்லி அரசு ஞாயிறு பத்து மணிக்குப் பத்து நிமிடம், பத்து வாரம் என்று பிரச்சாரம் நடத்தியதே, அதில் சொன்னது இதைத்தான். என் பிள்ளைகள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு விளையாட்டாகச் செய்கிறார்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கும். பள்ளிக்கு முழுக்கால் பேன்ட், சாக்ஸ்.

காய்ச்சல் வந்தால் எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. முக்கியமானது இது: டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்தான சமயம், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "ஜுரம் விட்டாச்சு" என்று சந்தோஷப்பட்டு அசந்துவிடுகிறார்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, ஃப்ளூ ஊசி. ஆறு மாதம் முடிந்த குழந்தைகளிலிருந்து போடலாம். வருடா வருடம் போட வேண்டும். சின்னவனுக்கு முதல் தடவை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். குளிர் வருவதற்குள் முடிய வேண்டும் என்றால் இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.


#8 குர்கான் கணக்கர்

ப்யூரிஃபையர் பற்றி. விளம்பரத்தை விடுங்கள், பெட்டியின் மேல் சிஏடிஆர் என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்கிறது என்பது அது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் ஏறக்குறைய 40 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுழல வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 200 சிஏடிஆர் வேண்டும். ஹாலுக்கு இதே மெஷின் போதாது. ஹாலும் சமையலறையும் திறந்து ஒன்றாக இருக்கிற ஃபிளாட்டில் எந்த மெஷினும் போதாது.

அதனால் ஒன்றே ஒன்று வாங்குங்கள், பிள்ளைகள் தூங்குகிற அறையில் வையுங்கள். ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் அவர்கள் இருக்கிற இடம் அது. ஹெப்பா ஃபில்டர் விலையை முதலிலேயே விசாரியுங்கள், மெஷின் மலிவு என்று வாங்கினால் ஃபில்டரில் பிடுங்கிவிடுவார்கள். அயனைசர், வாசனை என்று கூடுதலாகச் சொல்வதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

சமீர் ஆப்பில் உங்கள் பக்கத்து நிலையத்தின் காற்றுத் தர எண்ணை, அதாவது ஏக்யூஐயைப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆப் அது. 200 வரை 'மிதம்', 201 முதல் 300 'மோசம்', 400 வரை 'மிக மோசம்', அதற்கு மேல் 'கடுமை'. அந்த எண் 500இல் நின்றுவிடும். அதற்கு மேல் காற்று எவ்வளவு கெட்டாலும் 500 என்றுதான் காட்டும். தனியார் ஆப்களில் 900, 1000 என்று பார்த்து அலறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல.

என் வரம்பு: 200 வரை தாராளமாக வெளியே. 300 வரை மத்தியானம் மட்டும், ஓட்டப் பந்தயம் இல்லாமல். அதற்கு மேல் வீடு. இது நான் வைத்துக்கொண்டது, டாக்டர் சொன்னதல்ல.


#9 இரட்டைவால் அம்மா

கணக்கரே, 200 முதல் 300 வரை "ஓட்டப் பந்தயம் இல்லாமல்" நாலு வயது இரட்டையரை பார்க்கில் வைத்திருக்கும் முறையையும் கொஞ்சம் எழுதுங்கள்.


#10 பவழமல்லிப் பாட்டி

துவாரகாப் பெண்ணே, சாம்பிராணி பற்றி யாரும் சொல்லவில்லையே. உன் மாமியாரிடம் நயமாகப் பேச வேண்டிய விஷயம் அதுதான். எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யலாம். காலை ஏழு மணிக்கு வேண்டாம், பதினொன்றுக்கு மேல், வெயில் விழுகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அக்டோபர் தொடக்கத்தில் பகலில் 34, 35 டிகிரி இருக்கும், ஒரு கவலையும் இல்லை. நவம்பர் கடைசியில் இரவு 10, 11க்கு இறங்கிவிடும். அப்போது தலைக்கு மட்டும் குறைத்துக்கொண்டு, உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடு. இங்கே தோல் வறண்டு வெள்ளை பூத்துப் போகும், எண்ணெய் வேண்டியதுதான். இங்குள்ளவர்கள் கடுகெண்ணெய் தேய்ப்பார்கள். நமக்கு அந்த நெடி ஒத்துவராது, தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், வெந்நீரில் பாட்டிலை வைத்து எடு.

சாம்பிராணிதான் இந்த ஊருக்கு ஆகாது. நம் ஊர் முற்றத்தில் போட்ட புகை மேலே போய்விடும். இங்கே ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ப்யூரிஃபையரை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் தூபக்கால் பிடித்தால் என்ன நியாயம்? ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கதவை மூடிக்கொண்டு வடை சுடுவது எல்லாம் அதே கணக்கு. தலையைத் துண்டால் துடைத்து வெயிலில் உட்கார வை, போதும். நான் சொன்னேன் என்று சொல்லு, வயசானவள் சொன்னால் கேட்பார்கள்.

ரஜாய் (பஞ்சுப் போர்வை), ஸ்வெட்டர் எல்லாம் அக்டோபரிலேயே பெட்டியிலிருந்து எடுத்து மொட்டை மாடியில் ரெண்டு வெயில் காட்டிவிடு. நவம்பரில் நல்ல வெயிலுக்குக் காத்திருக்க வேண்டி வரும்.


#11 ஜனக்புரி செவிலி

பாட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெட்டியில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பதே பல வீடுகளில் தெரியாது. துவைத்து, வெயிலில் போட்டு, அப்புறம்தான். ஒன்றரை வயதுக் குழந்தை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போடுகிற ஆபத்து வேறு. அடுத்த வருடம் காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள்.

என்95 மாஸ்க் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே மாஸ்க் கூடாது. பெரியவர்கள் அளவு மாஸ்க் குழந்தை முகத்தில் ஓரத்தில் இடைவெளி விடும், பயனில்லை. குழந்தைகளுக்கென்று உள்ள அளவு, மூக்குப் பக்கம் அழுத்தமாக நிற்க வேண்டும். வேனில் போகும் நேரத்துக்கு சரி, விளையாடும்போது சரிப்படாது.


#12 மயூர் விஹார் பேஸ் ஒன்

நவராத்திரி பற்றிப் பேசவே இல்லை. சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு தில்லியில் அதைவிட நல்ல ஒன்பது நாள் இல்லை.

அஷ்டமி அல்லது நவமி அன்று காலையில் பெரியவளைத் தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராக வைத்திருங்கள். 'கஞ்சக்' என்று பக்கத்து வீடுகளிலிருந்து கூப்பிடுவார்கள். சிறு பெண் குழந்தைகளை உட்காரவைத்து, காலைக் கழுவி, கையில் சிவப்புக் கயிறு கட்டி, பூரி, ரவை அல்வா, கறுப்புக் கொண்டைக்கடலை போடுவார்கள். கூட ஒரு பையனையும் உட்கார வைப்பது உண்டு, சின்னவனுக்கு அந்த வேலை கிடைக்கும். ஒரே காலையில் ஐந்தாறு வீடு. குழந்தை வீட்டுக்கு வரும்போது கையில் டிஃபன் பாக்ஸ், ஹேர்கிளிப், பத்து ரூபாய் நோட்டுகள், வயிற்றில் இடமே இல்லை. முதல் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மறுத்தால் வருத்தப்படுவார்கள், ஒரு வாய் அல்வா போதும், மீதியை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

சாயங்காலம் அதே பிள்ளைகள் நம் வீட்டுக்குச் சுண்டலுக்கு வருவார்கள். காலையில் அவர்கள் கொடுத்ததும் கொண்டைக்கடலை, மாலையில் நாம் கொடுப்பதும் கொண்டைக்கடலை என்று ஆகிவிடும், அன்றைக்கு மட்டும் பாசிப்பருப்புச் சுண்டலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது நாளும் பல வீடுகளில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள், விரதக்காரர்கள் தானியமும் தொட மாட்டார்கள். வரும் பெரியவர்களுக்குப் பழம், தேங்காய் வைத்துக் கொடுப்பது நல்லது.

ஒன்றரை வயதுக்காரனும் கொலுவும் ஒரே வீட்டில் இருப்பது பற்றி... கீழ்ப்படி அவனுக்கு. கர்நாடகத்து சன்னபட்டணா மரப்பொம்மை, ப்ளாஸ்டிக் மாடு, அவனுடைய கார் எல்லாம் அங்கே. களிமண் எல்லாம் மூன்றாம் படிக்கு மேலே. அவன் தினமும் செட்டியாரைக் கடத்திக்கொண்டு போவான், மாலையில் சோபாவுக்கு அடியில் தேடிக்கொள்ளுங்கள்.


#13 துவாரகாவுக்குப் புதுசு

கஞ்சக் பற்றி யாருமே எனக்குச் சொல்லவில்லை! கீழ் வீட்டு ஆன்ட்டி போன வாரம் "உன் பெண்ணுக்கு என்ன வயசு" என்று விசாரித்தது எதற்கு என்று இப்போது புரிகிறது.

ராம்லீலாவுக்குக் கூட்டிப் போகலாமா? பெரியவள் ராவணன் எரிவதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள், பள்ளியில் பேப்பர் ராவணன் செய்தார்களாம்.


#14 இரட்டைவால் அம்மா

செங்கோட்டைப் பக்கம், ராம்லீலா மைதானம் எல்லாம் இந்த வருடம் வேண்டாம். கூட்டம், புழுதி, வெடிச் சத்தம். உங்கள் செக்டரிலேயே சின்னதாக ஒன்று நடக்கும், பத்தடி, இருபதடி ராவணன். பின்னால் நின்று, அப்பா தோளில் உட்கார்த்தி வைத்துப் பார்த்துவிட்டு, எரிந்ததும் கிளம்பிவிடலாம். எங்கள் இரண்டு பேரில் ஒருவன் கைதட்டினான், இன்னொருவன் "ராவணனுக்கு வலிக்கும்" என்று வீடு வரை அழுதான். அதற்கும் தயாராக இருங்கள்.

துர்கா பூஜைப் பந்தல் பார்க்க, பெங்காலிகள் நிறைந்த சி.ஆர்.பார்க் பகுதிக்குப் போவதானால் மத்தியானம் போங்கள். போக் என்று கிச்சடி, காய், சட்னி, பாயசம் வரிசையில் நின்றால் கிடைக்கும். இரவில் போனால் மனிதர்களின் முதுகுதான் தெரியும்.


#15 நொய்டா அப்பா

தீபாவளியையும் சொல்லிவிடுங்கள். நாம் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி எண்ணெய் வைத்து, புதுத்துணி போட்டு முடித்துவிடுவோம். இவர்களுக்கு அமாவாசை சாயங்காலம் லட்சுமி பூஜைதான் தீபாவளி. சில வருடம் அது நமக்கு மறுநாள். "நேத்தே தீபாவளி முடிஞ்சுதே, இன்னிக்கு ஏன் எல்லாரும் வெடிக்கிறாங்க" என்று பையன் கேட்பான். நான் இரண்டு தீபாவளி என்று சொல்லிவிட்டேன், புதுத்துணியும் இரண்டு வாங்க வேண்டியதாகிவிட்டது.

பட்டாசு விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அந்த வாரம் செய்தியைப் பாருங்கள். விதி என்னவாக இருந்தாலும் அன்று இரவு காற்று கெடும். ஜன்னல் விளிம்புகளில் டேப், வாசல் கதவுக்குக் கீழே ஈரத்துணி. நான் ஆட்களை ஊருக்கு அனுப்புவதே அந்த இரவுக்குப் பயந்துதான்.


#16 குர்கான் கணக்கர்

பள்ளி மூடும் நாட்களுக்கும் திட்டம் வைத்திருங்கள். ஏக்யூஐ 400ஐத் தாண்டினால் கிராப் (மாசு ஏற ஏற அரசு போடும் கட்டுப்பாடுகளின் திட்டம்) மூன்றாம் நிலை, 450ஐத் தாண்டினால் நான்காம் நிலை. முதலில் கை வைப்பது சின்ன வகுப்புகளில்தான். 2023இல் டிசம்பர் விடுமுறையையே நவம்பர் 9 முதல் 18 வரை என்று முன்னால் இழுத்தார்கள். 2024 நவம்பரில் முதலில் ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன், சில நாளிலேயே மற்ற வகுப்புகளுக்கும். அறிவிப்பு முந்தின நாள் இரவு வரும். யு.கே.ஜி. ஆன்லைன் வகுப்பு என்பது பெற்றோருக்கான வகுப்பு. மகளின் பள்ளியில் ஒரு மணி நேரம் "மைக்கை அணையுங்கள்" என்றே பாடம் நடந்தது.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வைக்கோல் எரிப்பது பாதிக் கதை. பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காக்க 2009இல் நெல் நடவைத் தள்ளிப்போடச் சட்டம் போட்டார்கள். அறுவடையும் தள்ளிப் போயிற்று, கோதுமை விதைக்க நேரமில்லை, அடித்தாளைக் கொளுத்துகிறார்கள். காற்று அடங்குகிற அதே மாதத்தில் அது நடக்கிறது. வண்டிப் புகையும் கட்டடத் தூசியும் வருடம் முழுக்க நாம் இங்கே போடுவது. நான் தனி ஆளாகக் காரில் ஆபீஸ் போகிறவன், பஞ்சாப் விவசாயியைத் திட்ட எனக்கு வாய் வராது.


#17 பவழமல்லிப் பாட்டி

ப்யூரிஃபையர் பற்றி இவ்வளவு பேசினீர்கள். வீட்டு வேலைக்கு வரும் தீதியின் குழந்தை அதே காற்றில் காலை ஆறு மணிக்கு அம்மாவோடு சைக்கிளில் வருகிறது. என் மகள் வீட்டில் நவம்பரில் தீதியை ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டாள். குழந்தையும் மத்தியானம் வரை ப்யூரிஃபையர் இருக்கிற அறையில்தான் விளையாடுகிறது. சமையல் கொஞ்சம் தாமதமாகும், ஆகட்டுமே.

தின்பண்டம் பற்றியும் ஒரு வார்த்தை. கொய்யா, சீதாப்பழம் வரும். தள்ளுவண்டியில் சிங்காடா என்று குளத்தில் விளையும் காய் வரும், பச்சையாக உரித்துச் சாப்பிடுவது. குழந்தைக்கு நன்றாகக் கழுவி வேகவைத்துக் கொடு. சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரியில் சுட்டு எலுமிச்சை பிழிந்து தருவான், மசாலா போடாமல் வாங்கினால் ஒன்றரை வயதுக்காரன்கூடச் சாப்பிடுவான். நவம்பரில் சிவப்புக் கேரட், வெந்தயக்கீரை. தயிரை நிறுத்தாதே. கீழ் வீட்டு ஆன்ட்டி நிறுத்தச் சொல்வாள், குல்லா போடச் சொல்வாள். குல்லாவை மட்டும் நவம்பர் கடைசியில் கேட்டுக்கொள்.


#18 இரட்டைவால் அம்மா

குல்லா! அக்டோபர் பத்தாம் தேதி 33 டிகிரியில் குரங்குக் குல்லா போட்ட தமிழ்க் குழந்தையை லிஃப்டில் பார்த்தேன். நம் ஆட்கள்தான் இந்த ஊர்க்காரர்களைவிட மோசம். உடை என்றால் அடுக்கடுக்காக: உள்ளே பனியன், மேலே முழுக்கை, அதற்கு மேல் கழற்றக்கூடிய அரை ஸ்வெட்டர். காலை வேனுக்குக் குளிரும், பகல் ஒரு மணிக்கு வேர்க்கும். பல பள்ளிகளில் நவம்பரில் குளிர்கால யூனிஃபார்ம் மாறும். கடையில் கூட்டம் வருவதற்கு முன் அளவு பார்த்துவிடுங்கள்.

இந்த நல்ல வாரங்களில் ஒரு நாள் மிருகக்காட்சிசாலை போங்கள். புலிக்கு இல்லை, சங்குவளை நாரைகளுக்கு. மழை முடியும்போது வந்து குளத்து மரங்களில் கூடு கட்டும், அக்டோபர், நவம்பரில் குஞ்சுகள் கத்துவது கேட்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை. 2025 ஆகஸ்ட் கடைசியில் பறவைக் காய்ச்சலால் மூடினார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி, புல்தரையில் பாய் விரித்துப் புளிசாதம் சாப்பிடலாம். சாணக்யபுரி ரயில் மியூசியம் திங்கள் விடுமுறை, பொம்மை ரயிலுக்கு வரிசை நிற்கும், போனவுடன் முதலில் அதற்கு டிக்கெட் வாங்குங்கள்.


#19 அந்தேரிக்காரி

தில்லியிலிருந்து மும்பைக்கு மாறியவள், எட்டிப் பார்க்க வந்தேன். இங்கே அக்டோபர் என்றால் மழை நின்ற பின் வரும் இரண்டாவது கோடை. மகள் வேர்க்குருவோடு நிற்கிறாள். நீங்கள் ஸ்வெட்டர் பற்றிப் பேசுவதைப் படிக்கவே பொறாமையாக இருக்கிறது.

ஆனால் இரவில் ஏழிலைப்பாலை மரம் பூத்து வீசும் அந்த வாசனை... எனக்கு அதில் தலைவலி வரும், கணவர் ஜன்னலைத் திறந்து வைப்பார். அந்தச் சண்டை மட்டும் இங்கே இல்லை.


#20 துவாரகாவுக்குப் புதுசு

எங்கள் தெரு முழுக்க அந்த மரம்தான். இரண்டு நாளாகப் பெரியவளுக்குத் தும்மல், அதுதானா என்று தெரியவில்லை, டாக்டரிடம் காட்டப் போகிறேன். ஃப்ளூ ஊசியையும் அப்போதே கேட்டுவிடுகிறேன்.

மாமியாருக்குப் போனில் சாம்பிராணிப் பதிவைப் படித்துக் காட்டினேன். "யாரந்தப் பாட்டி, எந்த ஊராம்" என்று கேட்டார். நல்ல சகுனமா என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எப்போது எடுப்பது? நவம்பரில் பிரகதி மைதானத்தில் வர்த்தகக் கண்காட்சி என்கிறார்களே, சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?


#21 ஆர்.கே.புரம் மாமா

ரயில்: முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பொங்கலுக்கு இரண்டு நாள் முன் ஊர் சேர வேண்டும் என்றால் நவம்பர் பத்து, பதினொன்றிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிமிடத்தில் தீரும், ஜி.டி.யையும் பார். ஜனவரியில் மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், குழந்தைக்குப் பால், டயபர் கூடுதலாக வைத்துக்கொள்.

கண்காட்சி: நவம்பர் 14 முதல் 27 வரை. முதல் சில நாட்கள் வியாபாரிகளுக்கு, டிக்கெட் விலையும் அதிகம். பொதுமக்கள் நாட்களில் சனி, ஞாயிறைத் தவிர்த்து ஒரு மத்தியானம் போ. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடு, சுப்ரீம் கோர்ட் மெட்ரோவில் இறங்கு. தள்ளுவண்டியைக் கூட்டத்தில் தள்ள முடியாது, சின்னவனை இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையில் போட்டுக்கொள். எல்லா அரங்கும் பார்க்க ஆசைப்படாதே. நாலு மாநில அரங்கு, கடைசியில் தமிழ்நாடு, வெளியே வந்து சாப்பாடு. அன்று ஏக்யூஐ 300க்கு மேல் என்றால் போகவே வேண்டாம், அது எங்கும் ஓடிவிடாது, அடுத்த நவம்பரிலும் வரும்.


#22 மயூர் விஹார் பேஸ் ஒன்

என் பெண்ணுக்குச் சிறிதாகிப் போன ஸ்வெட்டர் நாலு இருக்கிறது, ஐந்து வயது அளவு, நாப்தலீன் வாசனை இல்லை. மலை மந்திருக்கு வரும் சனிக்கிழமை யாராவது வந்தால் கொடுக்கிறேன். துவாரகா, உங்களுக்குத்தான் முன்னுரிமை. வேண்டாம் என்றால் இன்றே சொல்லுங்கள், தீதியின் பெண்ணுக்குச் சரியாக இருக்கும்.


#23 துவாரகாவுக்குப் புதுசு

தீதியின் பெண்ணுக்கே கொடுங்கள். இங்கே மாமியார் ஊரிலிருந்து குழந்தைகளுக்கு மூன்று ஸ்வெட்டர் பின்னி எடுத்து வருகிறாராம். மூன்றும் குல்லா வைத்தது.